புதுப் பாட்டு எங்கிருந்து வரும்?

தம்புள்ளை பொருளாதார மத்திய நிலையத்தில் நள்ளிரவு தாண்டி நின்று பார்த்திருக்கிறீர்களா? நுவரெலியாப் பக்கமிருந்து கரட்டும் லீக்ஸும் ஏற்றிய லொறிகள் இறங்கி வரும். வடக்கிலிருந்து சின்ன வெங்காயமும் மிளகாயும் வரும். நாட்டாமைமார் தோளில் சாக்கைப் போட்டுக்கொண்டு "பாரம், பாரம்" என்று ஆளை விலக்கிக்கொண்டு ஓடுவார்கள். ஏ9 வீதியும் ஏ6 வீதியும் சந்திக்கிற ஊர் இது. கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் போகிறவரும் கொழும்பிலிருந்து திருகோணமலை போகிறவரும் எங்கள் சந்தியைத் தொடாமல் போவது குறைவு. 1999இல் இந்தச் சந்தை திறந்த பிறகு இரவிலும் ஊர் தூங்குவதில்லை.

அந்த லொறிகளில் பாதிக்கு மேல் ரேடியோ பாடிக்கொண்டிருக்கும். தமிழ் டிரைவர்களின் லொறிகளை ஒட்டியே நடந்து போனால் ஒரு விசயம் காதில் விழும். யாழ்ப்பாண லொறியிலும் ஹட்டன் லொறியிலும் மட்டக்களப்பு லொறியிலும் ஒரே மாதிரிப் பாட்டுகள்தான். அலைவரிசை வேறு, அறிவிப்பாளர் வேறு. பாட்டு மட்டும் சென்னையில் போன மாதம் வெளிவந்த படத்துடையது. சினிமாப் பாட்டு வேண்டாம் என்று சொல்ல நான் யார்? இளையராஜா பாட்டைக் கேட்டு வளர்ந்தவன்தான் நானும். என் கவலை வேறு. இந்த மண்ணில் இருக்கிற தமிழ்ப் பிள்ளைகள் கிட்டாரும் கீபோர்டும் கணினியும் வைத்துக்கொண்டு பாட்டுப் போடுகிறார்கள். அந்தப் பாட்டு அடுத்த ஊருக்குப் போய்ச் சேர இன்றைக்கு வழி இல்லை. ஒரு காலத்தில் வழி இருந்தது.

கொழும்பு வானொலி தொடங்கியது 1925 டிசம்பர் 16ஆம் திகதி. தந்தித் திணைக்களத்தில் இருந்த எட்வர்ட் ஹார்ப்பர் என்ற பொறியியலாளரின் முயற்சி அது. இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகு, தென்கிழக்கு ஆசியப் படைத் தலைமையகத்திற்காக இங்கே நிறுவிய ரேடியோ சீயெக் நிலையத்தின் பலமான ஒலிபரப்புக் கருவிகள் நம் அரசின் கைக்கு வந்தன. 1950இல் வர்த்தக சேவை தொடங்கியது. அதை நடத்தக் கொழும்புத் திட்டத்தின் கீழ் அவுஸ்திரேலியாவிலிருந்து வந்தவர் கிளிஃபர்ட் டொட்.

1952இல் இந்தியாவின் தகவல் ஒலிபரப்பு அமைச்சராக வந்த பி.வி. கேஸ்கர் சினிமாப் பாட்டு தரக்குறைவு என்று நினைத்தவர். அகில இந்திய வானொலியில் அது ஒதுக்கப்பட்டது. பாட்டு கேட்க விரும்பிய இந்தியா கொழும்பின் பக்கம் முள்ளைத் திருப்பியது. அமீன் சயானியின் பினாக்கா கீத் மாலா ஹிந்தி கேட்கிறவர்களைக் கட்டிப்போட்டது. தமிழ்நாட்டிலே நம் எஸ்.பி. மயில்வாகனத்தின் குரலுக்கு வீட்டுக்கு வீடு ரசிகர்கள். சென்னையில் எடுத்த படத்தின் பாட்டை மதுரையில் இருந்தவர் கொழும்பு சொல்லித்தான் கேட்டார். 1957இல் விவித் பாரதி தொடங்கியதற்கு இந்தக் கொழும்புப் போட்டியும் ஒரு காரணம்.

இந்தப் பெருமையை எல்லோரும் பேசுகிறார்கள். மயில்வாகனம், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீத், ராஜேஸ்வரி சண்முகம் என்று அறிவிப்பாளர்களின் பெயர்களை அடுக்கிக் கண்கலங்குகிறவர்கள் தமிழ்நாட்டில் இன்றும் இருக்கிறார்கள். பேசாமல் விட்டுப்போகிற பக்கம் ஒன்று உண்டு. அதே வானொலிதான் இலங்கையில் பிறந்த பாட்டுக்கும் இடம் கொடுத்தது. ஆர். முத்துசாமியும் எம்.கே. றொக்சாமியும் சிங்களப் பாட்டுக்கும் தமிழ்ப் பாட்டுக்கும் ஒரே கலையகத்தில் இசையமைத்தவர்கள். எஸ்.கே. பரராஜசிங்கம் மெல்லிசை என்ற ஒரு வகையையே இங்கே வேர்பிடிக்க வைத்தார். இலங்கைக் கவிஞர் எழுத, இலங்கைக்காரர் இசையமைக்க, இலங்கைக்காரர் பாடிய பாட்டுகள் அவை. அரச வானொலி கூலி கொடுத்துப் பதிவு செய்து, அறிவிப்பாளர் பெயர் சொல்லி ஒலிபரப்பிய பாட்டுகள்.

அதற்குப் பிறகு வந்ததுதான் பொப். துள்ளிசை என்றும் சொல்வார்கள். 1960களின் பின்பகுதியில் அம்பாறை ஹார்டி தொழில்நுட்ப நிறுவனத்தில் படித்துக்கொண்டிருந்த நித்தி கனகரத்தினம் கிட்டாரை எடுத்துப் பாடிய 'சின்ன மாமியே' நாடெல்லாம் பரவியது. மாணவர் விடுதியில் சிநேகிதர்களுக்காகப் பாடுகிற மாதிரிப் பாட்டு. யாழ்ப்பாணப் பேச்சு, பைலாத் தாளம், மூன்று நான்கு கிட்டார் கோட்ஸ், அவ்வளவுதான். சங்கீத வித்துவான்கள் முகம் சுளித்தார்கள், இளையவர்கள் விடவில்லை. பிறகு ஏ.ஈ. மனோகரன் வந்தார். பொப்பிசைச் சக்கரவர்த்தி என்றுதான் ஆட்கள் அவரை அழைத்தார்கள். தமிழும் சிங்களமும் கலந்து அவர் பாடிய 'சுராங்கனி' கடல் தாண்டிப் போனது. 1977இல் 'அவர் எனக்கே சொந்தம்' படத்தில் இளையராஜாவும் அந்தப் பாட்டை எடுத்தாண்டார். சென்னைப் பாட்டு கொழும்பு வழியாகப் போன காலத்தில் கொழும்புப் பாட்டும் சென்னைக்குப் போயிருக்கிறது!

பைலாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். போர்த்துக்கேயர் காலத்துக் கரையோரப் பாட்டும், அவர்கள் கொண்டுவந்த ஆபிரிக்க மக்களின் தாளமும் சேர்ந்து உருவானது அது. வொலி பஸ்தியான் அதைச் சிங்களத்தில் மேடையேற்றினார். ஆறு எட்டுத் தாளம். கால் தானாக ஆடும். நம் பொப்பும் சிங்களப் பொப்பும் அந்த ஒரே தாளத்தில் நின்றவை. அந்தப் பக்கத்தில் கிளாரன்ஸ் விஜேவர்தன மின்சாரக் கிட்டாரைச் சிங்களப் பாட்டுக்குள் கொண்டுவந்தார். அவருடைய மூன்ஸ்டோன்ஸ் குழுவை ஊருக்கு அறிமுகம் செய்ததில் வானொலி அறிவிப்பாளர் விஜய கொரயாவுக்குப் பெரிய பங்கு உண்டு. அறிவிப்பாளர் ஒருவருக்குப் பிடித்திருந்தால் போதும், பெயர் தெரியாத ஒரு குழு அடுத்த வாரம் மாத்தளையிலும் காலியிலும் பேசப்படும். அப்படி ஒரு காலம்.

எங்கள் வீட்டில் மேசை மேல் இருந்த பெரிய ரேடியோவை அப்பா மட்டும்தான் தொடலாம். முள்ளை ஒரு மயிரிழை நகர்த்தினால் வேறு நாடு பேசும். அப்பாவுக்கு வேண்டிய பாட்டு வருகிற வரைக்கும் அவருக்கு வேண்டாத பாட்டையும் சேர்த்து நாங்கள் கேட்டோம். நாடகம் கேட்டோம், கர்நாடக சங்கீதம் கேட்டோம், அரபுக் கீதம் கேட்டோம், இடையில் யாரோ ஒருவர் கிட்டாரோடு பாடுவதையும் கேட்டோம். தேடாமலே வந்து விழுந்த பாட்டுகள்தான் என் ருசியை உண்டாக்கின. பிடித்த பாட்டின் பெயரைக் கடதாசியில் எழுதிக்கொண்டு ரெக்கோடிங் பாருக்குப் போவோம். வெற்றுக் கெசட்டைக் கொடுத்தால் பக்கத்துக்குப் பத்துப் பன்னிரண்டு பாட்டுப் பதிந்து தருவார்கள். இடம் மிச்சமிருந்தால் கடைக்காரர் தனக்குப் பிடித்த ஒரு பாட்டைச் சேர்த்துவிடுவார். நம்புங்கள், அந்த மிச்ச இடத்துப் பாட்டுகள் அநேகமாக என் பட்டியலை விட நன்றாக இருக்கும்.

1983 ஆடிக் கலவரம் இசைக்காரர்களையும் துரத்தியது. கொழும்பில் குழு வைத்திருந்த தமிழர் பலர் கனடா, இங்கிலாந்து, அவுஸ்திரேலியா என்று சிதறினார்கள். நித்தி கனகரத்தினம் அவுஸ்திரேலியாவில் குடியேறினார். மனோகரன் சென்னையில் இருந்து 2018 ஜனவரியில் காலமானார். கே.எஸ். ராஜாவை 1994இல் கொழும்பில் கொன்றுவிட்டார்கள். பாட்டுக்கும் குரலுக்கும் இடையில் இருந்த ஒரு தலைமுறை இப்படி அறுந்துபோனது.

தனியார் எஃப்.எம். வந்தது 1990களில். தமிழுக்குச் சூரியனும் சக்தியும் 1998இல் தொடங்கின. அப்போது எங்களுக்கு எவ்வளவு சந்தோசம்! தெளிவான ஒலி, இருபத்துநான்கு மணிநேரத் தமிழ், நம் பிள்ளைகள் அறிவிப்பாளர்கள். போர் நடந்த வருடங்களில் செய்திக்காகவும் ஆறுதலுக்காகவும் அந்த வானொலிகளை மக்கள் பற்றிக்கொண்டார்கள். அதை நான் மறக்க மாட்டேன். ஆனால் பாட்டு விசயத்தில் கதவு அகலவில்லை, ஒடுங்கியது. அரச வானொலிக்கு மெல்லிசையைப் பதிவு செய்து கொடுக்கக் கலையகமும் வாத்தியக்குழுவும் இருந்தன. தனியார் நிலையம் விளம்பரத்தில் வாழ்கிறது. விளம்பரதாரருக்குக் கேட்போர் தொகை வேண்டும். கேட்போருக்குத் தெரிந்த பாட்டு என்றால் படப்பாட்டு. சென்னையில் படம் வெளியாகும் முன்பே பாட்டு கணினிக்கு வந்துவிடுகிறது, பதிவுச் செலவு இல்லை, விளம்பரமும் படக்காரரே செய்துவிடுகிறார்.

ஒரு தனியார் வானொலியில் வேலை செய்த தம்பி ஒருவனிடம் இதைக் கேட்டேன். எங்கள் பக்கத்துப் பிள்ளை.

"தம்பி, நீங்க ஒரு மணித்தியாலத்துக்கு ஒரு பாட்டாவது இங்க உள்ள பிள்ளைகளோடத போட ஏலாதா?"

"எனக்கு ஆசைதான் அண்ணே. என்ன பாட்டு எத்தன மணிக்குனு கொம்பியூட்டர்ல ஏற்கனவே போட்டு வச்சிருப்பாங்க. நான் நடுவில கதைக்கிறது மட்டும்தான். லிஸ்ட்ல இல்லாத பாட்ட போட்டா அடுத்த நாள் கேள்வி வரும்."

அவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மயில்வாகனத்துக்கும் ராஜாவுக்கும் இசைத்தட்டு கையில் இருந்தது. இவன் கையில் ஒலிவாங்கி மட்டும் இருக்கிறது.

இது இலங்கையின் தனிக் கதையும் இல்லை. அமெரிக்காவில் ஒவ்வொரு நகரத்துக்கும் ஒரு ரொக் வானொலி இருந்தது. உள்ளூர்க் குழுவின் பதிவை இரவு நேர அறிவிப்பாளர் போடுவார், வார இறுதியில் அந்தக் குழுவைப் பார்க்கக் கூட்டம் சேரும். 1996இல் வந்த தொலைத்தொடர்புச் சட்டம் ஒரு நிறுவனம் நாடு முழுக்க எத்தனை வானொலிகளை வைத்திருக்கலாம் என்ற வரம்பை நீக்கியது. சில வருடங்களில் கிளியர் சனல் என்ற ஒரே நிறுவனத்தின் கையில் ஆயிரத்து இருநூறுக்கு மேற்பட்ட நிலையங்கள். பாட்டுப் பட்டியல் தலைமையகத்தில் தயாரானது. 2005இல் வொஷிங்டன் பக்கத்து டபிள்யூ.எச்.எஃப்.எஸ். ரொக்கைக் கைவிட்டது, 2009இல் பொஸ்டனின் டபிள்யூ.பி.சி.என். போனது. இங்கிலாந்தில் பி.பி.சி.யின் ஜோன் பீல், 1967இலிருந்து 2004இல் இறக்கும்வரை, யாரும் கேள்விப்படாத குழுக்களின் பதிவுகளைத் தானே கேட்டுத் தெரிந்தெடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். அவருக்குப் பிடித்ததால் மட்டும் உலகம் அறிந்த குழுக்கள் எத்தனையோ.

நமக்கும் ரொக் உண்டு. கண்டியில் பிறந்த பரனொயிட் எர்த்லிங், கொழும்பின் ஸ்டிக்மாட்டா போன்ற குழுக்கள் இரண்டாயிரங்களின் தொடக்கத்திலிருந்து சொந்தப் பாட்டு போட்டவர்கள். டி.என்.எல். வானொலி ரொக்குக்கென்றே இருந்த காலத்தில் அந்தக் குழுக்களுக்கு ஒரு வீடு இருந்தது. பிறகு அந்த வானொலி பெயரையும் போக்கையும் மாற்றிக்கொண்டது. தமிழில் அப்படி ஒரு நிலையம் வரவே இல்லை. கொழும்பில் இருந்து கிருஷான் மகேசன் 2006இல் 'ஏசியன் அவெனியூ' என்று முழுத் தமிழ் ராப் தொகுப்புப் போட்டார். ஏ.டி.கே. என்கிற தினேஷ் கனகரத்தினம் இங்கே ராப் பாடி, பிறகு ஏ.ஆர். ரஹ்மானின் 'கடல்' படத்தில் பாடினார். படத்தில் பாடிய பிறகுதான் நம்மவர் பலருக்கு அவரைத் தெரிந்தது என்பது எனக்கு வலிக்கிற விசயம்.

"இப்போது ரேடியோ எதற்கு? யூடியூப் இருக்கிறதே" என்று என் வீட்டுப் பிள்ளைகளே கேட்கிறார்கள். 2021 பெப்ரவரியில் ஸ்பொட்டிஃபையும் இலங்கைக்கு வந்துவிட்டது. அதே வருடம் யொஹானியும் சதீஷனும் பாடிய 'மெனிகே மகே ஹிதே' இந்தியா முழுக்க ஓடியது, எந்த வானொலியும் தூக்கிவிடாமலே. அது உண்மை. யூடியூப் இல்லாவிட்டால் எனக்கும் அரைவாசிப் பாட்டு தெரிந்திருக்காது.

'எஞ்சாய் எஞ்சாமி'யை எடுத்துக்கொள்ளுங்கள். 2021 மார்ச்சில் வந்தது. அறிவும் தீயும் பாட, சந்தோஷ் நாராயணன் இசை. அறிவின் பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்து, பிறகு இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர். 1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் ஐந்தேகால் இலட்சம் பேரை இந்தியாவுக்கு என்று கணக்கெழுதியது. அவர்களுடைய முன்னோர் மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளைக்கு நடந்த பாதை எங்கள் தம்புள்ளை வழியாகத்தான் போகிறது. கொலராவிலும் பட்டினியிலும் வழி நெடுக விழுந்தவர்கள் போக மிச்சப்பேர் மாத்தளை சேர்ந்தார்கள். 2023இல் மலையகத் தமிழரின் 200 ஆண்டு நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தவர்களும் அந்த வழியைத்தான் மிதித்தார்கள். என் ஆட்களின் கதையைச் சொல்கிற பாட்டு அது. முதலில் கேட்டபோது நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

அது எங்கிருந்து வந்தது? சென்னையிலிருந்து, யூடியூப் வழியாக, கோடிக்கணக்கானோர் பார்த்த பிறகு என்னிடம் வந்தது. அதே கதையை மாத்தளையிலோ நாவலப்பிட்டியிலோ ஒரு பிள்ளை பாடியிருந்தால் என்னிடம் வந்திருக்குமா? வராது என்றுதான் நினைக்கிறேன். யூடியூப் ஏற்கனவே பலர் பார்த்ததை இன்னும் பலருக்குக் காட்டுகிறது. நான் நேற்றுக் கேட்டதைப் போன்ற ஒன்றை இன்றைக்குத் தருகிறது. நூற்றைம்பது பேர் பார்த்த மலையகப் பாட்டொன்றை எடுத்து, "இதைக் கேளுங்கள், இந்தப் பிள்ளை நம் பக்கத்துப் பிள்ளை" என்று சொல்ல அதற்கு ஊர் தெரியாது. சி.வி. வேலுப்பிள்ளை தோட்டம் தோட்டமாகப் போய் மலைநாட்டு மக்கள் பாடல்களைச் சேர்த்தார். அந்த மனிதருக்கு இருந்த காது எந்தக் கணினிக்கும் இன்னும் வரவில்லை.

அதனால் நான் கையால் தேடுகிறேன். ஒரு பாட்டு பிடித்தால் கீழே உள்ள விவரத்தில் ட்ரம்ஸ் யார், மிக்ஸிங் யார் என்று பார்த்து, அந்தப் பெயரில் வேறு என்ன இருக்கிறது என்று தேடுவேன். இலங்கைக் குழுக்களில் ஒரே ஆள் நான்கு குழுவில் வாசிப்பார். ஒரு பெயரைப் பிடித்தால் ஒரு ஊரே கிடைக்கும். கோயில் திருவிழாவுக்கு வருகிற இசைக்குழுவிடம், "சொந்தப் பாட்டு ஏதும் இருக்கா?" என்று கேட்பேன். பல குழுக்களிடம் இருக்கிறது. மேடையில் பாடக் கேட்கிறவர் இல்லாததால் ஃபோனிலேயே கிடக்கிறது. கேட்டவுடன் முகம் மலர்ந்து வட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். சந்தைக்கு வருகிற லொறி டிரைவர்கள் இன்னொரு வழி. வவுனியாவிலிருந்து வருகிற ஒருவரின் பென் டிரைவில் வன்னிப் பிள்ளைகள் பாடிய ராப் பாட்டுகள் கிடைத்தன. ஒன்றில் டிரக்டர் ஓடுகிற சத்தத்தையே தாளமாக வைத்திருந்தார்கள், குரல் கொஞ்சம் பிசிறடிக்கும், ஆனால் வயலும் கடனும் மழையும் அவர்கள் பேச்சிலேயே வந்தன. அந்தப் பாட்டை எந்த எஃப்.எம்.மிலும் நான் கேட்டதில்லை.

எல்லோரும் இப்படித் தேட வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். விடிய விடிய மூட்டை தூக்குகிறவருக்கு விவரக்குறிப்பு வாசிக்க நேரமேது? அவருக்கு ரேடியோதான். அதனால்தான் ரேடியோ திருந்த வேண்டும் என்று கேட்கிறேன். பெரிய மாற்றமும் தேவையில்லை. மணிக்கு ஒரு இலங்கைத் தமிழ்ப் பாட்டு, பாடியவர் பெயரோடும் ஊர்ப் பெயரோடும். நள்ளிரவு நேரத்தில் விளம்பரம் குறைவு, அந்த நேரத்தையாவது அறிவிப்பாளரின் விருப்பத்துக்கு விடுங்கள். அரச வானொலியின் தென்றலுக்கு இந்தக் கடமை இன்னும் அதிகம். மெல்லிசையும் பொப்பும் அவர்கள் வீட்டுப் பிள்ளைகள். பழைய பதிவுகளையும் புதியவர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு நிகழ்ச்சி நடத்த அவர்களைவிடத் தகுதியானவர் இல்லை. நிலைய நிர்வாகிகள் கேட்போர் தொகையைக் காட்டுவார்கள். நித்தியின் பாட்டையும் மனோகரனின் பாட்டையும் முதல் தடவை போடும்போதும் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை.

நமக்கும் ஒரு வேலை இருக்கிறது. விருப்பப் பாடல் நேரத்துக்கு வட்ஸ்அப்பில் குரல் அனுப்புகிறோம், பிறந்தநாள் வாழ்த்துச் சொல்லப் போன் பண்ணுகிறோம். அடுத்த தடவை இலங்கைப் பாட்டு ஒன்றின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். இல்லை என்று சொன்னால், ஏன் இல்லை என்றும் கேளுங்கள்.